ஏழு கேள்விக்குறி

டிஸ்கி: இது தொழில்நுட்பப் பதிவு மாதிரிதான் ஆரம்பிக்கும். பொட்டி தட்டாத மக்கள் பயந்து ஓடிவிட வேண்டாம். நடுவில் ஓலைச்சுவடியெல்லாம் வரும் :-)

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். அந்த நேரத்தில் "மாப்ள, ஒரு சின்ன டவுட்டு" என்று எவனாவது ஆரம்பித்தால் அது சின்னதாக இருக்காது என்பது நமக்குத் தெரியாதா. அவன் ஒரு கடைக்கு வலைத்தளம் செய்து கொடுத்திருக்கிறான். வாடிக்கையாளர் பட்டியலை எக்ஸ்போர்ட் செய்து எக்செல்லில் திறந்தால், தமிழ்ப் பெயரெல்லாம் கொத்துபரோட்டா. கடைக்காரர் கொதித்துப் போயிருக்கிறார்.

"ஃபைலைத் தொடாதே. முன்னாடி மூணு பைட்டு மட்டும் சேர்த்து அனுப்பு"ன்னு சொன்னேன். 239, 187, 191. இந்த மூன்றும் ஃபைலின் தலையில் இருந்தால்தான், சும்மா டபுள் கிளிக் செய்து திறக்கும்போது எக்செல் அதை யூடிஎஃப்-8 என்று புரிந்துகொள்ளும். அஞ்சு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. "நீ தெய்வம்டா"ன்னான்.

தெய்வமா? 2011-ல் இதே மூணு பைட்டில் ஆரம்பித்து நான் பண்ணின காரியம் அவனுக்குத் தெரியாது. இதுவரை இங்கேயும் எழுதினதில்லை. கொஞ்சம் வெட்கம், அதான்.

எங்கள் தமிழய்யாவைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேனோ என்னவோ. கோவில்பட்டிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒன்பதாவதும் பத்தாவதும் தமிழ் எடுத்தவர். ஓய்வு பெற்றபிறகு அவருக்கு ஒரே பைத்தியம், சொல் சேகரிப்பது. கரிசல்காட்டுச் சம்சாரிகளின் வாயில் இருக்கிற சொற்கள். கி.ரா. அகராதியே போட்டுவிட்டாரே அய்யா என்றால், "அவரு பெரிய மனுஷன், கடலை அள்ளினாரு. நான் அவரு விட்ட கிளிஞ்சல் பொறுக்குதேன்"ம்பார். 2006-ல் நான் ஊருக்குப் போயிருந்தபோது விளையாட்டாக ஒரு வேர்ட்பிரஸ் தளம் போட்டு, இ-கலப்பையை நிறுவிக் கொடுத்துவிட்டு வந்தேன். மனுஷன் பிடித்துக்கொண்டார். 2011-ல் பார்த்தால் 1,400 சொல்லுக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார், ஒவ்வொன்றுக்கும் விளக்கத்தோடு, யார் சொன்னது என்ற விவரத்தோடு.

அந்த வருஷம் வேறு வழங்கிக்கு மாற வேண்டிய நிலை. பழைய இடத்தில் வாடகையை ஏற்றிக்கொண்டே போனார்கள். "ஒரு எக்ஸ்போர்ட், ஒரு இம்போர்ட், அரைமணி நேர வேலை அய்யா"ன்னு வாய்விட்டேன். வாய்.

பிஎச்பி மைஅட்மினைத் திறந்து அட்டவணையைப் பார்த்தவுடனேயே ஙே என்று முழித்தேன். தளத்தில் தமிழ் முத்துமுத்தாகத் தெரிகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு எழுத்துகூடத் தமிழில்லை. தலையில் கோடு போட்ட சின்ன 'ஏ', அடுத்து வட்டத்துக்குள் ஒரு 'ஆர்', அடுத்து ஏதோ ஒரு குறி. மறுபடி 'ஏ', மறுபடி வட்டத்துக்குள் 'ஆர்'. தமிழுக்கு யாரோ டிரேட்மார்க் வாங்கிவிட்ட மாதிரி. ஜப்பான்காரர்கள் இந்தக் கண்ராவிக்கு மொஜிபாகே என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் இப்போது எனக்கு நன்றாகத் தெரியும், அப்போது அரைகுறை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எந்த எழுத்து என்று சொல்லும். உதாரணமாக 'த' என்றால் 224, 174, 164. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் 'த'. ஆனால் ஒவ்வொரு பைட்டும் ஒரு எழுத்து என்று நினைக்கிற லத்தீன்-1 கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தால், 224 என்பது கோடு போட்ட 'ஏ', 174 என்பது வட்டத்துக்குள் 'ஆர்'. அம்புட்டுதான்.

மைஎஸ்க்யூஎல்லில் நாமாக எதுவும் சொல்லாவிட்டால் எல்லா அட்டவணையும் லத்தீன்-1 என்றுதான் அப்போது உருவாகும். 2018-ல் வந்த 8.0 பதிப்பில்தான் இந்த வழக்கம் ஒழிந்தது. வேர்ட்பிரஸும் 2007-ல் வந்த 2.2 பதிப்பில்தான் 'எந்த எழுத்துமுறையில் டேட்டாபேஸோடு பேசவேண்டும்' என்ற வரியை கான்ஃபிக் ஃபைலில் கொண்டுவந்தது. அய்யாவின் தளம் 2006. அதனால் அந்த வரி இல்லை. ஆக, வேர்ட்பிரஸ் யூடிஎஃப்-8 பைட்டுகளைக் கொடுக்கும், டேட்டாபேஸ் அதை லத்தீன் என்று நினைத்து அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும், கேட்கும்போது அப்படியே திருப்பிக் கொடுக்கும். இரண்டு பேருக்கும் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாது, ஆனாலும் அஞ்சு வருஷம் குடித்தனம் நன்றாகவே நடந்திருக்கிறது. (சில வீடுகளும் அப்படித்தான், விடுங்க.)

நடுவில் மூன்றாவது ஆளாக எக்ஸ்போர்ட் நுழைந்ததும்தான் வம்பு. அது 'லத்தீன்தானே, நான் யூடிஎஃப்-8 ஆக்கித் தருகிறேன்' என்று ஏற்கெனவே யூடிஎஃப்-8 ஆக இருந்ததை இன்னொரு தடவை மாற்றிவிடும். மூணு பைட் எழுத்து ஆறு, ஏழு பைட் ஆகிவிடும். அஞ்சு மெகாபைட் இருக்கவேண்டிய ஃபைல் பத்துக்கு மேல் வந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, புது வழங்கி 2 மெகாபைட்டுக்கு மேல் ஏற்ற விடவில்லையே என்று ஃபைலைத் துண்டு போட்டு ஏற்றி ஒரு ராத்திரியை ஓட்டினேன்.

ஏற்றி முடித்துப் பார்த்தால் புதுத்தளம் முழுக்க டிரேட்மார்க்.

இங்கேதான் தப்பு பண்ணினேன். கூகுளாண்டவரிடம் கேட்டதில் 'கான்ஃபிக் ஃபைலில் யூடிஎஃப்-8 வரியைச் சேர்' என்று பத்துப் பேர் சொன்னார்கள். புதுத்தளத்தில் அந்த வரி ஏற்கெனவே இருக்கிறது. சரி, மூலத்தில்தான் கோளாறு, மூலத்திலேயே சரிசெய்து மறுபடி எக்ஸ்போர்ட் எடுப்போம் என்று ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய தளத்தின் கான்ஃபிக் ஃபைலில் கைவைத்தேன். ஓடிக்கொண்டிருக்கிற தளம். அய்யா தினமும் எழுதுகிற தளம்.

முதலில் தளமே திறக்கவில்லை. ஏதோ 'ஹெடர் ஏற்கெனவே போய்விட்டது' என்று ஒரு புலம்பல். நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8 என்று சேமித்திருந்தேன். அந்தக் காலத்து நோட்பேட் அப்படிச் சேமித்தால் ஃபைலின் தலையில் மூணு பைட்டைத் தானாகவே வைத்துவிடும். 239, 187, 191. ஆமாம், அதேதான். எக்செல்லில் தெய்வம் ஆக்குகிற அந்த மூணு, பிஎச்பி ஃபைலில் சனியன். (2019 விண்டோஸ் 10 பதிப்பிலிருந்துதான் நோட்பேட் இந்தப் பழக்கத்தை விட்டது.) அதைக் கண்டுபிடித்து எடுக்க ஒரு மணி நேரம். பிறகு தளம் திறந்தது. திறந்தால் பழைய தளமும் இப்போது டிரேட்மார்க்!

அந்த நேரம் பார்த்து எங்கள் டேமேஜர் அழைத்தார். திங்கள்கிழமை ரிலீஸ், எல்லாரும் சனி ஞாயிறு வரவேண்டும். ஆணி. பைட்டுகளை ஒன்றும் பண்ணவில்லையே, பார்வைதானே மாறியிருக்கிறது, அப்புறம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த வரியை அப்படியே விட்டுவிட்டுப் போனேன்.

செவ்வாய்க்கிழமை ராத்திரிதான் திரும்ப உட்கார முடிந்தது. புதிதாக ஒரு எக்ஸ்போர்ட் எடுத்தேன். கோளாறு என்னவென்று அதற்குள் ஒருவாறு பிடிபட்டிருந்தது. இரண்டு தடவை மாற்றியதை ஒரு தடவை திருப்பி மாற்றினால் போதும். ஒரு குட்டி பைத்தான் நிரல். இடையிடையே 'இந்த எழுத்தை மாற்ற முடியாது' என்று முரண்டு பிடித்தது. பிடித்தால் என்ன, 'முடியாததை விட்டுவிட்டுப் போ' என்று ஒரு சொல் சேர்த்தேன். ஓடியது. ஏற்றினேன். தமிழ்! ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து நின்று கைதட்டினேன், சத்தியமாக.

காலையில் அய்யாவுக்கு போன். "வந்துட்டு அய்யா, பாருங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏலே, புள்ளியெல்லாம் எங்கலே?"

போய்ப் பார்த்தால், 'தமிழ்' என்பது 'தமிழ' என்று நிற்கிறது. 'பருத்திமார்' என்பது 'பரததிமார'. ஒட்டுமொத்தத் தளத்திலும் ஒரு புள்ளி கிடையாது. உகரக் குறியும் கிடையாது. 'ஏ' இல்லை, 'ஐ' இல்லை. ராத்திரி தூக்கக் கலக்கத்தில் தமிழாகத் தெரிந்ததே தவிர, நான் ஒரு வரியைக்கூடப் படித்திருக்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மைஎஸ்க்யூஎல் 'லத்தீன்-1' என்று சொல்வது உண்மையில் விண்டோஸ்-1252 என்கிற அட்டவணை. அதில் அஞ்சு இடம் காலி. 129, 141, 143, 144, 157. அந்த எண்களுக்கு எந்த எழுத்தும் ஒதுக்கவில்லை. மைஎஸ்க்யூஎல் கெட்டிக்காரத்தனமாக அந்த அஞ்சையும் அப்படியே போக வர விட்டுவிடும். என் நிரல் பாஷை அட்டவணையில் இல்லாததை ஒத்துக்கொள்ளாது. இப்போது தமிழுக்கு வாருங்கள். புள்ளியின் மூன்றாவது பைட் 141. உகரக் குறிக்கு 129. 'ஏ' 143. 'ஐ' 144. உலகத்தில் எத்தனையோ எண் இருக்க, அந்தக் காலி இடத்தில் போய் உட்கார்ந்தது நம் புள்ளி. தொல்காப்பியர் காலத்திலிருந்து மெய்யெழுத்தின் தலையில் இருக்கிற புள்ளி. 'முடியாததை விட்டுவிடு' என்று சொன்னது நான்தான், அது விட்டுவிட்டது.

ஆனால் அய்யா அசரவில்லை. அவர்பாட்டுக்கு போனில் படித்துக்கொண்டே போனார். "ஓலைச்சுவடியில புள்ளி போட மாட்டான்லே, ஏடு கிழிஞ்சிரும். ஒத்தைக் கொம்பு ரெட்டைக் கொம்பு பேதமும் கெடையாது. இடம் பார்த்துத்தான் படிக்கணும். உ.வே.சா. அப்படித்தான் படிச்சாரு." எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிஷமே, "ஆனா சுவடி எழுதினவன்கூட உகரத்தை விட்டதில்லலே. நீ அதையும் பிடுங்கிட்ட. இங்க 'களம'ன்னு நிக்கி. இது நெல்லடிக்கிற களமா, தண்ணி நிக்கிற குளமா? 'பல'ன்னா? பல்லா, புல்லா?"

அன்றைக்கே சரிசெய்துவிட்டேன். சரியான வழி ரொம்பச் சின்னது, கொதிப்பதே அதனால்தான். என் வீட்டுக் கணினியில் மைஎஸ்க்யூஎல் நிறுவி, கெட்டுப்போனதாக நான் நினைத்த எக்ஸ்போர்ட்டை அதில் ஏற்றினேன். ஏற்றும்போதே அது பழையபடி லத்தீன் அட்டவணைக்குள் போய்விட்டது, புள்ளியோடு. பிறகு 'லத்தீன்-1 ஆகவே எடு, எதையும் மாற்றாதே' என்று சொல்லி டம்ப் எடுத்து, ஃபைலுக்குள் அட்டவணைகளுக்கு லத்தீன்-1 என்று போட்டிருந்த இடத்தையெல்லாம் யூடிஎஃப்-8 என்று திருத்தி, புது வழங்கியில் ஏற்றினேன். மொத்தம் இருபது நிமிஷம். டிரேட்மார்க் குப்பை எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் செத்துப் போனதில்லை, பைட் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. அதைப் பார்த்துப் பயந்து நாமாக ஏதாவது பண்ணாமல் இருந்தால் போதும்.

சாயங்காலம் அய்யாவே அழைத்தார். "எல்லாம் வந்துட்டுலே. நல்லாருக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரியில இருந்து நான் போட்டது மட்டும் வெறும் கேள்விக்குறியா நிக்கி. அது எப்ப வரும்?"

எனக்கு வயிற்றில் கலக்கியது.

அய்யாவின் பழக்கம் எனக்குத் தெரியும். டேட்டா கார்டில் காசு போகும் என்று, 'புதிய பதிவு' பக்கத்தை மட்டும் திறப்பார், தட்டுவார், வெளியிடு பொத்தானை அமுக்குவார், இணைப்பைத் துண்டித்துவிடுவார். தளத்தைத் திறந்து பார்க்கிற வழக்கமே இல்லை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று ராத்திரி. நான் விட்டுவிட்டுப் போன அந்த ஒரு வரியால் வேர்ட்பிரஸ் இப்போது 'இது யூடிஎஃப்-8 தமிழ்' என்று உண்மையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அட்டவணையோ லத்தீன். லத்தீனில் 'க' இல்லை. இல்லாத எழுத்துக்கு அது வைக்கிற குறி '?'. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒன்று. உள்ளே இருப்பது 63 என்ற ஒரே ஒரு பைட். 'க'வும் 63, 'ம'வும் 63. அதைத் திருப்ப எந்த நிரலாலும் முடியாது. ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தவரை ஒரு சொல்கூடத் தொலையவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

"அது வராது அய்யா"ன்னேன். வேறு எப்படிச் சொல்வது?

பத்தொன்பது சொல். எல்லாம் கமலை இறைவைச் சொற்கள். மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற கமலையை நம்மில் பலர் பார்த்திருக்கவே மாட்டோம், பம்புசெட் வந்து எல்லாவற்றையும் விரட்டிவிட்டது. பக்கத்து ஊரில், தொண்ணூறு வயதை நெருங்கிய பெரியவர் ஒருவர், இளவட்டத்தில் கமலை ஓட்டியவர். அய்யா மூன்று நாள் சைக்கிளில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வந்திருக்கிறார். வழக்கமாக நோட்டில் எழுதிக்கொண்டு பிறகு தட்டுபவர், விரல் பழகிவிட்டது என்று அந்தத் தடவைதான் நோட்டில் எழுதாமல் வீட்டுக்கு வந்ததும் நேரே தட்டியிருக்கிறார்.

அடுத்த வாரம் திரும்பவும் போனார். பெரியவர், "அன்னைக்குத்தான் எல்லாம் சொன்னேனே வாத்தியாரே"ன்னு சலித்துக்கொண்டாராம். "கமலை இருந்தா கையை வச்சுக் காட்டிருவேன். அது இல்லாம வாயால சொல்லுன்னா, வந்தாத்தான் வரும்." அன்றைக்குச் சில வந்தன, சில வரவில்லை. அந்த ஐப்பசியில் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அய்யா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அந்தக் கேள்விக்குறிப் பதிவுகளை அழித்துவிடவா என்று கேட்டபோது, "இருக்கட்டும்லே. எத்தனை எழுத்துன்னாவது தெரியுதுல்லா"ன்னார்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. இடைவெளி, கமா, கோடு, எண் இதெல்லாம் லத்தீனிலும் உண்டு, அதனால் அவை தப்பித்துவிட்டன. தொலைந்தது எழுத்து மட்டும். ஒரு சொல்லுக்கு எத்தனை கேள்விக்குறி, அதன் விளக்கத்தில் எத்தனை சொல், நடுவில் எங்கே எண் வருகிறது என்பதெல்லாம் அப்படியே இருக்கிறது. ஊருக்குப் போயிருந்தபோது கணக்கை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். புள்ளியைத் தனியாக எண்ணவேண்டும், காலையும் கொம்பையும் தனியாக எண்ணவேண்டும். 'வடம்' என்றால் நாலு. 'உருளை' அஞ்சு. கூனையின் அடியில் தண்ணீரைக் கொட்டுகிற தோல் பை இருக்கிறதே, 'தும்பி', அது ஆறு. 'வால்கயிறு' ஒன்பது. அய்யாவுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. பதினோரு சொல் நினைவிலிருந்தே வந்தது. ஏழு சொல்லை எண்ணி எண்ணியே பிடித்தார். கடைசியாகப் பிடித்ததற்கு நாலு வருஷம் ஆனது.

ஒன்று பாக்கி. ஏழு கேள்விக்குறி, ஒரு கோடு, அப்புறம் விளக்கம். விளக்கத்துக்குள் '3' என்ற எண் இரண்டு தடவை வருகிறது. கயிற்றின் புரியா, மூன்று முழமா, மூன்று ஆளா, தெரியாது. அய்யாவுக்கு இப்போது எண்பதுக்கு மேல். நோட்டில் அந்தப் பக்கம் முழுக்க எழுதி எழுதி அடித்து வைத்திருக்கிறார். ஆறு வந்தால் ஒரு கோடு, எட்டு வந்தால் ஒரு கோடு.

நண்பனுக்கு எக்செல் வைத்தியம் சொன்ன மறுநாள் காலையில் அவரே அழைத்தார். எடுத்த எடுப்பில் ஒரு சொல்லைச் சொல்லி, "எண்ணிப் பாருலே"ன்னார். விரல் விட்டு எண்ணினேன். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும்.

"எட்டு வருது அய்யா."

"புள்ளியோடவா?"

"புள்ளியோடதான்."

"அப்ப அது இல்ல"ன்னு போனை வைத்துவிட்டார்.